எங்கள் பழைய வாகனச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். 2020இல் அரசாங்கம் நிறுத்திய வாகன இறக்குமதியைப் பெப்ரவரியில் திறந்துவிட்டதும், பழைய கார்களை எல்லோரும் கைகழுவிவிடுவார்கள் என்று பயந்தோம். புதுசின் விலையைக் கேட்டபின் ஒருவரும் மொரிஸ் மைனரை விற்கவில்லை.

சரி, இவ்வருடம் நம் நேரமெல்லாம் பம்பரிலேயே போனது. ஹட்டன் பக்கம் மே கடைசியில் பிடிக்கிற மழை, அப்புறம் மூடுபனி என்று வண்டி காய நாளே கிடைப்பதில்லை. பம்பரில் துருப்பிடிப்பது மேலே பளபளக்கும் குரோம் முலாம் அல்ல, அடியில் உள்ள இரும்பு. இரும்பின்மேல் நிக்கல், அதன்மேல் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத குரோம். ஊசிமுனை ஓட்டை போதும், ஈரம் இறங்கித் துரு பொங்கிவிடும்.

ஜூலையில் டிக்கோயா உறுப்பினர் ஒருவரின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் பம்பரைக் கழற்றி வைத்து, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தோம். அலுமினியம் குரோமைவிட மெது, கீறாது. கறுப்புக் குழம்பாக வழிந்ததைத் துடைத்தால் கூரை லைட் பம்பரில் தெரிந்தது. நகத்தால் வருடிப் பார்த்தேன், குழிகள் அப்படியேதான் இருந்தன. போன குரோம் தேய்த்து வராது. மெழுகு பூசி, இருப்பதைக் காப்பாற்றலாம்.

நானும் ஒரு பாடம் படித்தேன். கதவுக் கைப்பிடியை இரும்பென்று நினைத்துத் துரு நீக்கும் அமிலத்தில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். அது துத்தநாகக் கலவை வார்ப்பு, அமிலம் தின்றுவிடும். காலையில் கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. காந்தம் வைத்துப் பார்த்திருந்தால், இரும்பில் போல் பிடிக்காதது தெரிந்திருக்கும். ஜோடி தேடி, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன். மகள் இன்னும் சிரிக்கிறாள்.

தலவாக்கலை உறுப்பினர் கொழும்பில் முலாம் போடக் கொடுத்த பம்பர், நான்கு மாதம் கழித்துக் கண்ணாடி போல வந்தது. தீபாவளிக்குள் தோல் உரிந்தது. பழைய துருவைச் சுத்தமாக எடுக்காமல் மேலே ஏற்றிவிட்டார்கள் என்பது என் எண்ணம். முலாமை நாமே போடலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அந்தத் தொட்டித் தண்ணீரில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. இங்கே ஊற்றுவது கீழ் லயத்து வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத்தான் போகும்.

சங்கத்தின் பொலிஷ் மெஷின் செப்டெம்பரில் இரவல் போனது, இன்னும் வரவில்லை. எடுத்தவருக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு முன் கொண்டுவந்து வைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்