முடக்க காலத்தில் மாணவர்களுக்குத் துணைநின்றோருக்கு நன்றி

அன்புடையீர்,

2020 மார்ச்சில் கோவிட் முடக்கத்தால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பல்கலைக்கழக வகுப்புகள் இணையத்துக்கு மாறின. கஞ்சாப் பழக்கத்தோடும் மனப்பதற்றத்தோடும் வீட்டுக்குள் அடைபட்ட மாணவர்களைத் தொலைபேசி வழியே தாங்கிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்குச் சட்டத்தடை இல்லை. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பினால் வாங்கலாம். ஆனாலும் பக்கத்து அறையில் அம்மா இருக்கும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? "ஆம்", "இல்லை" என்றே பதில் சொல்லும்படி கேள்விகளை மாற்றிய இரவுநேர ஆலோசகர்களே, அந்தத் தயக்கத்தை நீக்கியவர்கள் நீங்கள். அழைப்பின் தொடக்கத்திலேயே அப்போது தங்கியிருந்த முகவரியையும் மாற்று எண்ணையும் வாங்கிவைத்தீர்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 (PHQ-9) படிவத்தின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்தப் புள்ளி குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பூச்சியம் தவிர வேறு விடை வந்தால் அன்றைக்கே பேசினீர்கள்.

மருந்தாளர்களுக்குத் தனி நன்றி. தினமும் கஞ்சா புகைத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், பசியின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். தூக்கக் குறைவும் அச்சுறுத்தும் கனவுகளும் இன்னும் சில வாரங்கள்கூட இழுக்கும். பழைய பதற்றமே திரும்பிவிட்டது என்று நினைத்துத்தான் பலர் மூன்றாம் நாளே மறுபடி பற்றவைக்கிறார்கள். இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. அந்த நாட்களை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துக் கொடுத்தீர்களே, அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

சிறுகச் சிறுகக் குறைக்க விரும்பியோருக்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசு வாங்கித் தந்தவர்களுக்கும் நன்றி. சமையலறைத் தராசில் கால் கிராம் தெரியாது. அளவு தெரியாமல் வாரத்துக்குக் கால் பங்கு குறைப்பது எப்படி? புகையிலை கலந்து சுற்றுகிறார்களா என்றும் கேட்டுவைத்தீர்கள். கலந்தால் நிக்கோட்டின் இல்லாத தவிப்பும் கூடச் சேரும்.

கஞ்சா கலந்த கம்மி (gummy) மிட்டாய் சாப்பிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று இரண்டாவதை எடுக்கப் போன தோழர்களைத் தடுத்த மாணவர்களே, வேலை செய்ய அதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும் என்பதை எங்களைவிட நன்றாக விளக்கினீர்கள்.

ஓயாத வாந்தி வெந்நீர்க் குளியலில் மட்டும் தணிகிறது என்பதைக் கவனித்துச் சொன்ன அறைத்தோழர்களுக்கும் நன்றி. நாட்பட்ட கஞ்சாப் பயன்பாட்டால் வரும் வாந்தி நோயின் அடையாளம் அது. மருத்துவரிடம் அதைச் சொல்ல மறவாதீர்கள்.

நன்றியுடன்,
மாணவர் நலத் தன்னார்வலர்கள்