கோரிக்கை மனு: எலியட்ஸ் கடற்கரையில் சொறி மீன் எச்சரிக்கைப் பலகையும் முதலுதவியும் வேண்டி

பெறுநர்:
கடற்கரைப் பராமரிப்புக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்,
சென்னை.

அனுப்புநர்:
தள்ளுவண்டியில் மக்காச்சோளம், வேர்க்கடலை விற்கும் பெண் வியாபாரி,
எலியட்ஸ் கடற்கரை, பெசன்ட் நகர், சென்னை 600 090.

பொருள்: கரை ஒதுங்கும் சொறி மீன்களால் பிள்ளைகள் படும் துன்பம் – எச்சரிக்கைப் பலகையும் முதலுதவியும் வேண்டுதல் – நான்காம் முறையாக மனு அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குத் தெற்கே, அஷ்டலட்சுமி கோயில் பக்கமாக, 14 ஆண்டுகளாகத் தள்ளுவண்டி போட்டுப் பிழைத்து வருகிறேன். தாங்கள் இந்தக் கரையை அறிவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் இங்கே எத்தனை குடும்பங்கள் வந்து உட்காரும் என்பதையும் அறிவீர்கள். ஆகவே இடத்தை விவரித்துத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கொண்டல் காற்று கரையைப் பார்த்து வீசுகிற நாட்களில் சொறி கூட்டம் கூட்டமாக ஒதுங்குகிறது. பத்திரிகைகளில் ஜெல்லி மீன் என்று எழுதுகிறார்கள். ஊரூர் குப்பத்து மீனவர்களுக்கு எல்லாமே சொறிதான். வெள்ளையாக, கண்ணாடித் தட்டுப் போலக் கிடப்பது ஒரு வகை. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக, நீல நிறத்தில் வட்டமாகக் கிடப்பது இன்னொன்று. அதனால் பெரிய தொல்லை இல்லை. நான் எழுதுவது மூன்றாவதைப் பற்றி. உள்ளங்கையில் அடங்கும் நீல பலூன், அதன் கீழே நூல் நூலாக நீண்ட இழைகள். அது தானாக நீந்தாது. காற்று தள்ளுகிற பக்கம் பாய்மரம் போல மிதந்துவந்து மணலில் சேரும். செத்துக் கிடந்தாலும் அந்த இழையின் சுணை சாவதில்லை. பெரியவர்கள் அதைக் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். சிறு பிள்ளைகள் குனிந்து கையில் எடுப்பார்கள்.

என் கோரிக்கைகளைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் படத்துடன் கூடிய எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் நிறைய வருவதால் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி மொழிகளிலும் இருந்தால் நல்லது.

2. சொறி ஒதுங்கும் நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றி, ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். காணும் பொங்கலன்று யாரும் கடலில் இறங்காதபடி தடுப்புக் கட்டைகள் கட்டி, நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். கொடி ஒன்று, குரல் ஒன்று.

3. பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் இந்த மனுவின் உயிர். அதைச் சொல்ல என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மன்னிக்கவும், இது நீளும்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் என் மகள் வண்டிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். வயது எட்டு. அலை வந்து திரும்புகிற ஈர மணலில் நீல பலூன் ஒன்றைக் கண்டு, என்னிடம் காட்டுவதற்காக எடுத்திருக்கிறாள். இழை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்றிக்கொண்டது. அவள் போட்ட சத்தத்தில் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கயிற்றால் அடித்தது போலக் கை முழுவதும் சிவந்த வரிகள். நீலநூல் இன்னும் தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். கத்தல் கூடியது. இன்னொருவர், மணலைப் போட்டுத் தேய்த்தால் சுணை போய்விடும் என்றார். தேய்த்தேன். நான்தான் தேய்த்தேன் ஐயா, வேறு யாரும் இல்லை. ஈர மணலை அள்ளி, வலிக்கிறது விடு அம்மா என்று அவள் கையை இழுக்க இழுக்க, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். என் உள்ளங்கையும் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். எலுமிச்சம்பழம் பிழி என்றார்கள், அதையும் செய்தேன். வாந்தி எடுத்த பிறகுதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன்.

அங்கே இருந்த மருத்துவர் கோபப்படாமல், நிதானமாகத்தான் சொன்னார். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் வெடிக்காமல் இருக்கிற சுணையும் வெடித்து நஞ்சை உள்ளே இறக்கும். குடிநீர் ஊற்றினாலும் அப்படித்தான். கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழையை வெறுங்கை படாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். பிறகு கை தாங்குகிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், இருபது நிமிடம் வெந்நீரில் வைத்தால் வலி நன்றாக அடங்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஏம்மா, அங்கே பக்கத்தில் எங்கேயும் வெந்நீர் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்.

ஐயா, நான் மக்காச்சோளம் வேகவைத்து விற்கிறவள். மதியம் மூன்று மணிக்கு ஏற்றும் அடுப்பை இரவு பத்து மணிக்குத்தான் அணைக்கிறேன். என் குழந்தை துடித்த இடத்திலிருந்து பத்து அடி தூரத்தில் ஒரு அண்டா வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மருத்துவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வாயடைத்துப் போனதற்கெல்லாம் சேர்த்துத்தான் இப்போது தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தேய்க்காதே, குடிநீர் ஊற்றாதே, கடல் தண்ணீரால் அலசு, வெந்நீரில் வை. நான்கு வரிகள். இதை எழுதிய ஒரு பலகை அன்று அங்கே இருந்திருந்தால் என் மகள் கையில் நான் மணலைத் தேய்த்திருக்க மாட்டேன். வரிகள் மறைய இரண்டு மாதம் ஆனது. இன்றைக்கும் அவள் வண்டிப் பலகையை விட்டுக் கீழே இறங்குவதில்லை. நீல நிறத்தில் எது கிடந்தாலும், பிளாஸ்டிக் மூடியாக இருந்தாலும், காலை மடக்கி மேலே வைத்துக்கொள்கிறாள். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

பலகையில் வினிகர் என்று யாராவது எழுதச் சொன்னால், அது எல்லா வகைச் சொறிக்கும் ஒத்துவராது என்றும் அந்த மருத்துவர் சொன்னார். ஆகவே எழுதும் முன் மருத்துவர்களையும் கடல் ஆராய்ச்சி செய்கிறவர்களையும் கேட்டு எழுதுங்கள். தவறாக எழுதிய பலகை, பலகை இல்லாததைவிடக் கேடு.

4. முன்பு கொடுத்த மனுக்களைப் பற்றி. முதலில், சென்ற செப்டம்பரில், நேரில் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டு வா என்றார்கள். இரண்டாவதாக எழுதிக் கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. மூன்றாவதாக, தெரிந்த கல்லூரிப் பெண்ணைக் கொண்டு கைப்பேசி வழியாகப் பதிவு செய்தேன். பதினெட்டாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." என்ன நடவடிக்கை? மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய், கரை முழுக்க நடந்து தேடினேன். ஒரு ஆணிகூட அடிக்கப்படவில்லை. முடித்துவைக்கப்பட்டதாம். எதை முடித்தார்கள் என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

5. இது எப்போதோ ஒருமுறை நடப்பது என்று கோப்பில் எழுதிவிட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, இதே பெசன்ட் நகர் மணலில் நீல டிராகன் என்ற கடல் நத்தைகள் ஒதுங்கியது செய்தித்தாளில் வந்தது. அழகாக இருக்கிறதே என்று மக்கள் படம் பிடித்தார்கள். ஆமை முட்டைகளைக் காக்க இரவில் கரை நெடுக நடந்து தேடும் மாணவர்கள்தான் எனக்கு விவரம் சொன்னார்கள்: அது இந்த நீல பலூன் சொறியைத் தின்று, அதன் சுணையைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அதுவும் கொட்டுமாம். அதன் இரை எங்கே ஒதுங்குகிறதோ அங்கே அதுவும் ஒதுங்கும். கல்பாக்கம் அணுமின் நிலையம் கடல் நீர் எடுக்கும் வழியை இன்னொரு வகைச் சொறி வந்து அடைக்கிறது என்பதற்காக, அங்கே விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். இயந்திரத்துக்கு உள்ள அக்கறை எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டாமா?

மும்பை ஜுஹு கடற்கரையில் 2018 ஆகஸ்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதே நீலச் சொறியால் கொட்டுப்பட்டார்கள். கோவாவில் 2020 நவம்பரில் இரண்டே நாளில் 90 பேருக்கு மேல் சொறிக்கடிக்குச் சிகிச்சை கொடுத்ததாகச் செய்தி வந்தது. கொடுத்தவர்கள் அங்கே கரையில் நிற்கும் உயிர்காக்கும் வீரர்கள். அங்கே கொட்டினால் ஓடிவந்து பார்க்க ஆள் இருக்கிறது. இங்கே ஓடிவருகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான், கையில் மணலோடு.

6. தூய்மைப் பணியாளர்கள் விடியற்காலையில் குப்பையோடு குப்பையாகச் சொறியையும் வெறுங்கையால் அள்ளுவதை நான் பார்க்கிறேன். அவர்களுக்குக் கையுறை வேண்டும். இதை ஆறாவதாக எழுதினேன் என்பதால் ஆறாமிடம் கொடுத்துவிடாதீர்கள்.

7. எனக்கு நடந்த பிறகு நானே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்கிறேன். "அம்மா, அந்தப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள்; ஐயா, அதைத் தொடாதீர்கள்." சிலர் நன்றி சொல்கிறார்கள். பலர், இவள் யார் நமக்குச் சொல்ல என்று பார்க்கிறார்கள். ஒருவர், "சோளத்தை வாங்கவைக்க இப்படி ஒரு தந்திரமா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தள்ளுவண்டிக்காரி சொன்னால் யார் கேட்பார்கள்? அரசு முத்திரை போட்ட பலகை சொன்னால் கேட்பார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதத்தில் மட்டும், என் வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றி, நான் கண்ணால் பார்த்து எண்ணியது 11 பேர். அதில் ஏழு பேர் பிள்ளைகள். ஏழு பேரில் நான்கு பேருக்கு, நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒருவர் தேய்த்துவிட்டிருந்தார்கள்.

மற்ற வியாபாரிகளில் சிலர் என்னைத் தடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சொறி வருகிறது என்று பலகை வைத்தால் கூட்டம் வராது, நம் பிழைப்பு போகும் என்றார்கள். மனு போட்டால் வண்டியைத்தான் முதலில் தூக்குவார்கள் என்றார்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. எழுதும்போதே இருக்கிறது. தங்களை நம்பி எழுதுகிறேன்.

8. செலவு அதிகம் என்ற பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வெந்நீருக்குச் செலவே இல்லை. கரை நெடுக எத்தனை சோள வண்டிகள், டீக்கடைகள், சுண்டல் அடுப்புகள்! நாங்கள் தருகிறோம். ஒரு காசு கேட்க மாட்டோம். எவ்வளவு சூடு, எப்படிக் கலக்க வேண்டும், தன் கையை முதலில் விட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கையை விட வேண்டும் என்பதையெல்லாம் எங்களுக்கு ஒரு மணி நேரம் யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். ஏனென்றால் எங்கள் அண்டாவில் கொதிப்பது கொதிநீர். தெரியாமல் ஊற்றினால் பிள்ளையின் கை வெந்துவிடும். முன்பு தெரியாமல் மணலைத் தேய்த்தது போல, நாளைக்குத் தெரியாமல் கொதிநீரை ஊற்றும் நிலைக்கு எங்களை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம். ஒரே ஒரு மருத்துவர் அல்லது செவிலியர். எங்கே வரச் சொன்னாலும் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறோம். முதலுதவிப் பெட்டி ஒன்றில் ஒரு இடுக்கி, நான்கு ஜோடிக் கையுறை, ஒரு வெப்பமானி கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்கிறேன். எழுதியே கொடுக்கிறேன்.

9. ஐயா, இங்கே பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம் வரும் ஆகஸ்டு 29. செப்டம்பர் 8 வரை திருவிழா. நடந்தே வருகிறவர்கள் காவி உடையோடு, குழந்தை குட்டிகளோடு, கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே கடலுக்குத்தான் இறங்குவார்கள். போன ஆண்டு நான் எண்ணிய 11 பேரில் ஆறு பேர் அந்த நாட்களில்தான் கொட்டுப்பட்டார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பலகை எழுத ஐந்து வாரம் போதாதா? ஒரு கட்சிக் கூட்டத்துக்கு ஓர் இரவில் எத்தனை பலகைகள் முளைக்கின்றன!

கடலைச் சுத்தம் செய்யச் சொல்லவில்லை. சொறி வராமல் தடுக்கச் சொல்லவில்லை. அது கடலின் உயிர், காற்று கொண்டுவந்தால் வரத்தான் செய்யும். ஆமைகளுக்கு அது இரை என்றும் சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் இதே கரையில் எத்தனை ஆமைகள் செத்து ஒதுங்கின என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சொறியை மருந்து அடித்துக் கொல்லுங்கள் என்று கேட்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய மனுவோடு என் மனுவைச் சேர்த்துவிட வேண்டாம். நான் கேட்பது பலகை. நான்கு வரிப் பலகை. அதற்குப் பிறகு கொடி, பயிற்சி, கையுறை. முதலில் பலகை.

1930இல் பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிர்விட்ட ஷ்மிட் என்பவருக்கு இந்தக் கரையில் மண்டபம் எழுப்பினார்கள். அந்தச் சுவரிலேயே மாட்டச் சொல்ல மாட்டேன், அது பழைய கட்டடம். பக்கத்தில் ஒரு கம்பம் நட்டால் போதும். குழி தோண்ட ஆள் இல்லை என்றால் நாங்களே தோண்டித் தருகிறோம்.

இந்த மனுவையும் முடித்துவைத்துவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். நானே அட்டையில் எழுதி என் வண்டியில் மாட்டிக்கொள்கிறேன். ஆனால் அது என் வண்டி நிற்கும் இருபது அடிக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் மாலை தாங்கள் நேரில் வந்தால் இடத்தைக் காட்டுகிறேன். மூன்று மணியிலிருந்து அங்கேயேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு:
இரண்டாம் மனுவின் ரசீது நகல். மூன்றாம் புகாருக்கு வந்த குறுஞ்செய்தியின் நகல். மருத்துவச் சீட்டு நகல். கரையில் ஒதுங்கிய சொறியின் புகைப்படங்கள் ஆறு. வெந்நீர் தரச் சம்மதித்து 17 வியாபாரிகள் இட்ட கையொப்பமும் கைநாட்டும்.