கல்கத்தாவில் ஓர் அச்சுக்காரன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. சின்ன எழுத்து படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராமே, அதனால் இதைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிறேன். எத்தனை வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோத்து, ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்த கண் அது! கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மருமகள் ஈச்ச வெல்லம் போட்ட சந்தேஷ் வாங்கி வருகிறாள், சர்க்கரை இருக்கிறதே என்று நான் பாதிதான் எடுத்துக்கொள்கிறேன். பேரன் என்னிடம் தமிழும் தெருவில் வங்காளமும் பேசுகிறான். மகன் அலுவலகம் போனதும் எனக்குப் பொழுது போவதில்லை, டிராமிலோ நடந்தோ எங்காவது கிளம்பிவிடுவேன். அப்படிப் போனபோது பார்த்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

டல்ஹவுசி சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம். லால் கிர்ஜா, அதாவது சிவப்புக் கோயில் என்று சொல்கிறார்கள். கட்டியவர் கீர்நாண்டர் என்ற சுவீடன் நாட்டுப் பாதிரியார். யார் அவர் என்று பேரனை விட்டுத் தேடச் சொன்னால், நம் கடலூர்க்காரர்! 1740-ல் கடலூருக்கு வந்து பதினெட்டு வருடம் அங்கே மிஷன் வேலை பார்த்திருக்கிறார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, 1770-ல் இந்தக் கோயிலைக் கட்டி முடித்திருக்கிறார். நம்மூர் ஆள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மேலே படித்தேன். படித்தால், இந்தியாவின் முதல் செய்தித்தாளை நடத்தியவன் மேல் அவதூறு வழக்குப் போட்டவர்களில் இவரும் ஒருவர். அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

அந்த அச்சுக்காரன் பெயர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி. அயர்லாந்துக்காரன். 1772-ல் இங்கே வந்து, கப்பல் வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, கடன்காரர்கள் சிறையில் அடைபட்டவன். அங்கேதான் ஓர் அச்சு இயந்திரத்தை ஏற்பாடு செய்துகொண்டு துண்டு நோட்டீஸ் அடிக்க ஆரம்பித்திருக்கிறான். வெளியே வந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துக்கு விதிமுறைப் புத்தகம் அச்சடிக்கும் வேலை கிடைத்தது. கூலி வரவில்லை. பல வருடம் அலைந்து கடைசியில் கிடைத்தது ஒரு சிறு பகுதிதான். அச்சகக்காரனுக்கு சர்க்கார் பில் பாஸ் ஆவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா?

1780 ஜனவரி 29, சனிக்கிழமை, 'ஹிக்கியின் பெங்கால் கெஜட்' முதல் இதழ் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு பக்கம். எல்லாக் கட்சிக்கும் திறந்தது, எவருக்கும் கட்டுப்படாதது என்று முகப்பிலேயே போட்டிருந்தான். அந்த இதழ்களைப் பேரன் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினான். பக்கத்துக்கு மூன்று பத்தி. பழைய நீள எஸ் எழுத்து, பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். சில இடத்தில் எழுத்து தேய்ந்து மை திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கிறது. புது எழுத்து வார்க்கக் காசில்லாத அச்சகம் என்று பார்த்ததுமே பட்டது. ஹைதர் அலியோடு நடந்த போரின் செய்திகளும் அதில் வந்தன. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்ததே, அதே வருடம்தான்.

ஆனால் அவனைச் சிறைக்கு அனுப்பியது போர்ச் செய்தி இல்லை, மேலிடத்துச் சங்கதி. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் தலைமை நீதிபதி எலிஜா இம்பேயும் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று 1775-ல் புகார் கொடுத்த மகாராஜா நந்தகுமாரை, கொஞ்ச நாளில் ஒரு பழைய போலிப் பத்திர வழக்கில் பிடித்து, இம்பேயின் நீதிமன்றம் தூக்கில் போட்டது. அப்புறம் 1780-ல் ஹேஸ்டிங்ஸ், கம்பெனியின் உயர் சிவில் நீதிமன்றத்துக்கும் இம்பேயையே தலைவராக்கினார், அதற்குக் கூடுதல் சம்பளம் வேறு. இதற்கு நடுவில் பர்துவான் பக்கம் ஆற்றங்கரை பலப்படுத்தும் ஒப்பந்தம் இம்பேயின் உறவினர் ஒருவருக்குப் போயிற்று. இங்கே அந்த வேலைக்கு 'புல்பந்தி' என்று பெயர். ஹிக்கி தன் பத்திரிகையில் தலைமை நீதிபதிக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டான். ஊர் முழுக்க அவர் 'புல்பந்தி' ஆனார்.

கரை வேலை ஒப்பந்தம் என்று படித்தவுடன் உனக்கும் நம் ஏரிக்கரைதானே ஞாபகத்துக்கு வருகிறது? அதற்கு அப்புறம் வருகிறேன்.

பத்திரிகையை உடனே யாரும் தடை செய்யவில்லை. முதலில் தபாலை நிறுத்தினார்கள். சிமியோன் ட்ரோஸ் என்ற கம்பெனி அதிகாரி லஞ்சம் எதிர்பார்த்தார் என்று ஹிக்கி எழுதினான், அதில் ஹேஸ்டிங்ஸின் மனைவி பெயரையும் இழுத்தான். 1780 நவம்பர் 14-ம் தேதி உத்தரவு வந்தது: தனிமனிதர்களை இழிவுபடுத்தி ஊர் அமைதியைக் கெடுப்பதால் இந்தப் பத்திரிகையைத் தபாலில் எடுத்துச் செல்லக் கூடாது. அதே மாதம் 'இந்தியா கெஜட்' என்று இன்னொரு பத்திரிகை தொடங்கியது. நடத்திய இருவரில் ஒருவர் கம்பெனியின் உப்பு ஏஜென்ட். அந்தப் பத்திரிகைக்குத் தபால் கட்டணமே கிடையாது. வெளியூர்ச் சந்தா போனால் வாரப் பத்திரிகைக்கு என்ன மிஞ்சும்? ஹிக்கி இருபது ஹர்காராக்களை, நம்மூரில் தபால்காரன் வருவதற்கு முன்பு அஞ்சல் ஓட்டக்காரன் என்போமே அவர்களை, கூலிக்கு வைத்து நகரத்துக்குள் வீடு வீடாகக் கொண்டு போனான்.

கீர்நாண்டர் விஷயம் இங்கேதான் வருகிறது. மிஷன் அச்சகத்தின் எழுத்துகளைப் போட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்தார், அனாதைகளுக்கு வந்த தர்மப் பணத்தில் கை வைத்தார் என்றெல்லாம் ஹிக்கி எழுதினான். பாதிரியார் வழக்குப் போட்டார், ஹேஸ்டிங்ஸும் போட்டார். 1781 ஜூனில் விசாரணை. கட்ட முடியாத ஜாமீன் கேட்டு ஹிக்கியை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டார்கள். விசாரித்த நீதிபதி யார் என்று நினைக்கிறாய்? எலிஜா இம்பே. யாரைத் திட்டினானோ அவர் முன்னாலேயே கூண்டில் நின்றிருக்கிறான். அப்படியும் ஒரு குற்றச்சாட்டில் ஜூரிகள் குற்றமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவற்றில் சிறையும் அபராதமும்.

நான் வியந்து போன இடம் இதற்குப் பிறகுதான். சிறைக்குள் இருந்துகொண்டே பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினான்! வாரா வாரம் வந்திருக்கிறது, அதே ஹேஸ்டிங்ஸைத் திட்டிக்கொண்டு. உள்ளேயிருந்து எழுதி அனுப்ப, வெளியே யாரோ அதைக் கோத்து, புரூப் பார்த்து, பாரம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஆட்களின் பெயர் எங்கும் கண்ணில் படவில்லை. எனக்கு அவர்கள் நினைப்பாகவே இருக்கிறது. முதலாளி சிறையில், நாளைக்குக் கூலி வருமா தெரியாது, அதிகாரி எப்போது கதவைத் தட்டுவான் தெரியாது, அப்படியிருந்தும் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 1782 மார்ச்சில்தான் அதற்கு முடிவு வந்தது. எழுத்துகளையே ஜப்தி செய்தார்கள். எழுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எதை வைத்துக் கோப்பது?

ஹிக்கி முழுக்க நல்லவன் என்று சொல்ல மாட்டேன். பெண்களைப் பற்றி அவன் எழுதிய சில வம்புகளை நீயும் நானும் கோக்க மறுத்திருப்போம். அனாதைப் பணம் விஷயத்திலும் பாதிரியார் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல் அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனசு வரவில்லை. கீர்நாண்டரும் கடைசியில் கடனில் மூழ்கி, 1787-ல் அவர் கட்டிய கோயிலே கடனுக்குப் போக இருந்தது. சார்லஸ் கிராண்ட் என்பவர் பணம் கட்டி மீட்டார். ஆனால் புல்பந்தி ஒப்பந்தம் உறவினருக்குப் போனது பொய்யில்லையே. ஊர் அமைதி, தனிமனித மானம் என்று சொல்லி அந்த உண்மையையும் சேர்த்துத்தானே மூடினார்கள். இம்பேயை 1782-லேயே லண்டனுக்குத் திருப்பி அழைத்தார்கள். ஹேஸ்டிங்ஸ் 1788 முதல் 1795 வரை பார்லிமென்ட்டில் ஊழல் விசாரணைக்கு நின்று, கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். ஹிக்கி ஏழையாகவே இருந்து, 1802-ல் சீனாவுக்குப் போகும் கப்பலில் இறந்தான்.

சரி, நம் ஏரிக்கரைக்கு வருகிறேன். நம்மூர் வாரப் பத்திரிகையில் நாம் இருந்தபோது ஒரு கட்டுரை கோத்தோமே, கரையைப் பலப்படுத்த வந்த பணம் எந்தக் கரைக்கும் போகவில்லை என்று. மறுநாள் ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து முதலாளியோடு பத்து நிமிஷம் பேசினான். மிரட்டவில்லை. இனிமேல் டெண்டர் விளம்பரம் வராது என்று மட்டும் சொன்னான். முதலாளி நம்மிடம் வந்து, "தம்பி, அதைப் பிரிச்சுடுங்க" என்றார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை, ஆறு குடும்பத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர். இரண்டு பத்தியை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து அதனதன் அறையில் போட்டோம். நீ பேசவே இல்லை. அந்தக் கார்த்திகையில் கரை உடைந்து தண்ணீர் வயலுக்குள் வந்தபோதும் நாம் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இத்தனை வருடமாகியும் பேசவில்லை. ஹிக்கியின் அச்சகத்து ஆட்களை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, நண்பா. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை நீ சட்டைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய், பார்த்தேன். இன்னும் இருக்கிறதா? பரணில் உன் பழைய டிரங்குப் பெட்டியில் தேடிப் பார். கண் ஆறியதும் போதும், இப்போது ஏணி ஏறாதே, பெண்ணை விட்டு எடுக்கச் சொல். கிடைத்தால் ஜெராக்ஸ் எடுத்து இந்த விலாசத்துக்கே அனுப்பு. பேரன் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கச் சொல்லித் தருகிறான். அந்த இரண்டு பத்தியையும் நானே கோக்கிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு முன் ஊருக்கு வந்துவிடுவேன்.

என்றும் உன்,
பழைய கம்பாசிட்டர்