பந்தலை அவிழ்த்தது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வைகாசியில் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு காதுகுத்தில், பந்தி நடக்கும்போதே நாங்கள் சாமியானாவை இறக்கிய வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். இறக்கியது உண்மை. சாம்பாரில் மழை விழுந்ததும் உண்மை. அந்த வீட்டாரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிட்டேன். ஆனால் "வேறு விசேஷத்துக்கு அதிக வாடகை கிடைத்தது, அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்" என்று யாரோ கீழே எழுதியிருப்பதுதான் முள்ளாகக் குத்துகிறது. அன்று எங்களுக்கு வேறு விசேஷமே கிடையாது. நனைந்த துணி இரவு முழுவதும் டெம்போவிலேயே கிடந்தது. உலர்த்த மூன்று நாள் ஆயிற்று. நம்பாதவர்கள் எதிர் டீக்கடையில் கேட்கலாம், அவர் வாசலில்தான் காயப்போட்டோம்.

"கைப்பேசியில் 18 கிலோமீட்டர் காற்றுதானே காட்டியது" என்கிறார்கள். அது சராசரிக் கணக்கு. கோடை மழைக்கு முன்னால் திடீரென்று அறையும் காற்று அதில் அகப்படாது. கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் காற்றை 0 முதல் 12 வரை படிகளாகப் பிரித்தார். எந்தப் படிக்குக் கப்பலில் எவ்வளவு பாய் விரிக்கலாம் என்பதையும் பிறகு சேர்த்தார். எங்கள் துணியும் பாய்தானே!

எங்களிடம் 19 ஆண்டுகள் முளை அடித்த மேஸ்திரி கடலூர்ப் பக்கத்து மீனவர். அலைத் தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுரை வெளுத்தால் சும்மா இருப்பார். நிறைய அலைகளின் தலை வெளுத்தால் கரைக்குத் திரும்பப் பார்ப்பாராம், அது போஃபோர்ட் கணக்கில் 5-ஆம் படி. நுரை காற்றுப் போக்கில் கோடு கோடாக இழுபட்டால் 7. தை மாதம் அவர் ஊருக்கே போய்விட்டார். இப்போது இருப்பவர்கள் இளம் பையன்கள். அதனால் தரைக்கான அடையாளங்களை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புழுதியும் காகிதமும் எழும்பினால் 4. சிறு மரங்கள் ஆடினால் 5. பெரிய கிளை அசைந்து, மின்கம்பி சீழ்க்கையடித்து, குடை பிடிப்பது சிரமமானால் 6, அதாவது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர்.

அன்று மதியம் கே.ஆர்.பி. அணையைத் தாண்டி வரும்போதே தண்ணீரில் வெள்ளை நுரை தெரிந்தது. இரண்டு மணிக்கு வாழையிலைகள் பறந்தன. வாசல் புளியமரத்தின் பருத்த கிளை அசைந்தது. தாய்மாமன் குடை மேல்நோக்கி மடங்கியது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மேற்குப் பக்கத்து முளை ஒன்று சாண் அளவு மண்ணைவிட்டு எழும்பி நின்றதைக் கண்டேன். அதன் கயிறு பிடித்திருந்த இரும்புக் கம்பத்தடியில் குழந்தைகள் வரிசை. "அவிழுங்கடா" என்று கத்தியது நான்தான், பையன்களைத் திட்டாதீர்கள்.

இனி 5 என்றால் பக்கத் துணிகளைக் கழற்றுவோம். 6 என்றால் யார் வீட்டு விசேஷமானாலும் இறக்குவோம். அப்படி இறக்கினால் வாடகையில் கழிவு கிடையாது.

வீடியோவைப் பார்த்த பிறகும் கூப்பிட்டு, "உங்கள் பந்தல்தான் வேண்டும்" என்ற குடும்பங்களுக்குக் கைகூப்பி நன்றி. மூன்று தலைமுறைக் கல்யாணங்களுக்கு எங்களிடம் துணி எடுத்தவர்கள் நீங்கள். ஆடிப் பதினெட்டுக்குச் சொல்லியிருப்பவர்கள் இடத்தை இப்போதே காட்டிவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் வரும் என்று ஒருமுறை நின்று பார்த்துவிட்டு முளை அடிக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
சாமியானா, பாத்திர வாடகைக் கடை,
கிருஷ்ணகிரி