கீத பவனி வண்டியில் ஆஸ்பத்திரி போன இரவு: ஒரு நன்றி மடல்

அன்பான எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகளை நேற்று எடை போட்டோம். மூன்று கிலோ நூறு கிராம். "மூணு கிலோ தாண்டட்டும், அப்புறம் எல்லாருக்கும் எழுது" என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால்தான் இந்த மடல் இவ்வளவு தாமதம். உங்களில் பலரை அந்த நாட்களில் நேரில் பார்த்தும் ஒரு வார்த்தை நன்றி சொல்ல எனக்கு நிதானம் இருக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் தில்லி ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவன் என்பது சபையில் பழையவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் டிசம்பர் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். அம்மாவுக்குச் சொந்த ஊர் மெஞ்ஞானபுரம். 192 அடிக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவள் என்று எப்போதும் பெருமையாகச் சொல்வாள். ஊரிலிருந்து யார் ரயிலேறினாலும் அவர்கள் பெட்டியில் எங்களுக்கென்று உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் இருக்கும். பாசிப்பயறு வறுத்து இடித்து, கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பிசைந்து, மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் தோய்த்துப் பொரித்தால் முந்திரிக்கொத்து. உருண்டை பிடிப்பது அப்பாவும் நானும். சூட்டோடு பிடிக்க வேண்டும், ஆறினால் உதிர்ந்துபோகும். அந்தக் குளிரில் உள்ளங்கையில் கிடைத்த அந்தச் சூடுதான் எனக்கு கிறிஸ்துமஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது.

சபையார் வீடு வீடாக வந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனி இரவு அதைவிடப் பெரிது. 1994இல் எனக்கு ஒன்பது வயது. செல்போன் இல்லாத காலம். வாடகை பஸ் கரோல் பாகில் கிளம்பி, லோதி காலனி சுற்றி, எங்கள் பக்கம் எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மணிக்கும் வரலாம், மூன்று மணிக்கும் வரலாம். அம்மா ஒரு அண்டா நிறையச் சுக்குக் காபி போட்டு அடுப்பை அணைக்காமல் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் படிக்கட்டில் பாட்டுச் சத்தம் கேட்கும். இரண்டு அறை வீட்டுக்குள் நாற்பது பேர், மங்கி கேப்பும் சால்வையுமாக. மூச்சுக் காற்றில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்துவிடும். மேல்வீட்டு வங்காளிக் குடும்பமும் கீழ்வீட்டு சர்தார்ஜியும் ரஜாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அவர்களுக்கும் காபி உண்டு. மறுநாள் மாலை அப்பா எங்களை கோல் டாக் கானா பேராலயத்துக்குக் குடில் பார்க்கக் கூட்டிப்போவார். வரிசை சாலை வரைக்கும் நீளும். திரும்பும் வழியில் கனாட் பிளேஸ் வெங்கர்ஸில் ஒரு பிளம் கேக். 1926இலிருந்து இருக்கிற கடை, அப்பாவின் சம்பளத்துக்கு அது பெரிய செலவுதான், ஆனாலும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் வந்த இரண்டு கிறிஸ்துமஸ்களுக்கு எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. இந்த முறை மனைவிக்கு எட்டாம் மாதம் என்பதால் அப்பாவே கடைக்குப் போய் நட்சத்திரம் வாங்கிவந்து பால்கனியில் கட்டினார். பிரசவ நாள் பிப்ரவரி முதல் வாரம் என்று சொல்லியிருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அத்தை திருக்குறள் எக்ஸ்பிரஸில் 24ஆம் தேதி வந்து சேர்வதாக ஏற்பாடு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

23ஆம் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்கு கீத பவனி எங்கள் முனீர்க்கா வீட்டுக்கு வந்தது. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கும்போது, காபித் தட்டை எடுக்க எழுந்த மனைவி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

லோதி காலனி அத்தை, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள், அன்றைக்குப் பாட வந்தவர். ஆண்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு முதலில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தீர்கள். "பச்சை இல்ல, தெளிவாத்தான் இருக்கு, பயப்படாதே" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பவனி வந்த டெம்போ டிராவலரிலேயே மனைவியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வலிக்கும் வலிக்கும் இடையில் எத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்தீர்கள். வண்டியில் இடம் வேண்டும் என்று எட்டுப் பேர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டார்கள். காலை ஐந்து மணி வரைக்கும் அவர்கள் அப்பாவோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஜெபித்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பா மூன்று முறை காபி போட்டாராம். அம்மா போனதற்கப்புறம் அவர் அந்த அண்டாவை எடுத்தது அன்றைக்குத்தான்.

அந்த மூடுபனி! பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குடியிருப்பின் கேட்டிலிருந்து பெரிய சாலை வரைக்கும் வாலிபர் சங்கத் தம்பிகள் இரண்டு பேர் செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு முன்னால் நடந்து வழி காட்டினார்கள். ஒருவன் கையில் அப்போதும் தம்பூரின் இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை போலும், நடக்க நடக்க அது சிலுங் சிலுங் என்று சத்தம் போட்டுக்கொண்டே போனது.

மாதா மாதம் காட்டிவந்த நர்சிங் ஹோமில் எங்களைச் சேர்க்கவில்லை. குறைமாதக் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் காலி இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை. லோதி காலனி அத்தை, கூட வேலை பார்த்த ஒரு தோழியை அந்த நடுராத்திரியில் எழுப்பிப் பேசி வேறொரு ஆஸ்பத்திரியில் இடம் வாங்கினார். 24ஆம் தேதி விடியற்காலை நான்கு பத்துக்கு மகள் பிறந்தாள். ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். அழுதாள். அந்தச் சத்தம் கேட்டதும் வண்டி ஓட்டிவந்த தம்பி தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனிடம் நான் நன்றி என்று ஆரம்பித்தபோது அவன் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். "அண்ணா, சின்ன வயசுல கேரல் ரவுண்ட்ஸ் வந்தப்ப உங்க வீட்ல என் கையுறை ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் வந்தப்ப ஆன்ட்டி அதைத் துவைச்சு, காகிதத்துல மடிச்சு வெச்சிருந்து குடுத்தாங்க. அதுக்குள்ள என் கை வளந்துடுச்சு, போடவே முடியல. இன்னும் வீட்ல இருக்கு." அம்மா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் அன்று முழுவதும் தனி வார்டில் வைத்திருந்தார்கள். நர்சரியில் குழந்தையோடு நான் மட்டும். 25ஆம் தேதி விடியலில், நம் சபையில் ஆராதனை தொடங்கியிருக்கும் நேரம், இடுக்கிப் பக்கத்து சிஸ்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். குல்லாயும் காலுறையும் டயப்பரும் மட்டும் போட்ட குழந்தையை என் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, தவளைக் குட்டி மாதிரி காலை மடக்கி, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, மூக்கு மறையாமல் பார்த்துத் துணியால் கட்டினார். கங்காரு முறை என்று பெயர். 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். பிறந்த உடனேயே இப்படி வைத்தால் எடை மிகக் குறைந்த குழந்தைகளின் இறப்பு கால்பங்கு குறைகிறது என்று ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அந்த ஐந்தில் இந்தியாவின் இடம் நம் தில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. இதையெல்லாம் சிஸ்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். பயத்தில் உறைந்து உட்கார்ந்திருந்தவனிடம், நீ வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை, வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று புரியவைக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். பொரித்து ஆறாத முந்திரிக்கொத்து அளவுச் சூடு நெஞ்சில்.

அதே சிஸ்டர்தான் பாலூட்டவும் கற்றுக்கொடுத்தார். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விட இந்த வயதில் குழந்தைக்குத் தெரியாது, அதனால் பாலாடையில்தான் கொடுக்க வேண்டும் என்றார். அவர் எடுத்துக் காட்டிய எவர்சில்வர் கிண்ணியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்திக்காரர், மலையாளி, எல்லா நர்ஸும் அங்கே அதைப் பாலாடை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அம்மா பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை வீட்டுப் பீரோவில் இருக்கிறது. நம் வீட்டுச் சாமான் ஒன்று நமக்கு முன்னாலேயே போய் அந்த நர்சரியில் காத்திருந்தது போல இருந்தது.

முதல் இரண்டு நாள் மனைவிக்குப் பால் போதவில்லை. ஆஸ்பத்திரியின் பால் வங்கியிலிருந்து கொடுத்தார்கள். வேறு தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பரிசோதித்து, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். நாட்டின் முதல் பால் வங்கி 1989இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது என்று அங்கே சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் யார் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. இந்த மடல் அவர்கள் கண்ணில் படாது. ஆனாலும் தாய்மார்களே, உங்கள் காலைத் தொட்டு நன்றி சொல்கிறேன்.

இனி பாளையங்கோட்டை அத்தையின் ரயில் விஷயம். 24ஆம் தேதி சாயங்காலம் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு வரவேண்டிய வண்டி ஆக்ரா தாண்டியதும் பனியில் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் குழந்தையை விட்டு நகர முடியாது. கீழ்வீட்டு சர்தார்ஜி அங்கிள் (பழைய குடியிருப்பில் இருந்தவர் இல்லை, இவர் முனீர்க்காக்காரர்) காரை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு இந்தி தெரியாது. மேல்வீட்டு மாமி, மலை மந்திர் முருகன் கோயிலுக்கு தினமும் போகிறவர், ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "பாளையங்கோட்டை அத்தை, இவர் கூட வாங்க" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அங்கிள் பிளாட்பாரத்தில் விடியற்காலை மூன்று மணி வரை நின்றிருக்கிறார். வண்டியை விட்டு இறங்கி, அந்தக் குளிரில், ஒரு தலைப்பாகைக்காரர் கையில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன் என்று அத்தை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கிள் வீட்டு ஆன்ட்டி என் மனைவிக்கு நெய்யும் கோந்தும் போட்ட பஞ்சீரி செய்து அனுப்பினார். மாமி பிரசவ லேகியம் கிண்டித் தந்தார்.

பெண்கள் சங்கத்துப் பெரியம்மாமார்களே, பதினேழு நாள், ஒரு வேளைகூடத் தவறாமல், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தீர்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேடி அலைந்து பால் சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்ததை என் மனைவி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் எடை முதல் வாரம் இறங்கியபோது நாங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தோம். "இறங்கித்தான் ஏறும்" என்று ஒவ்வொருவராக வந்து சொன்னீர்கள். ஏறியது. ஜனவரி 10ஆம் தேதி இரண்டு கிலோ ஐம்பது கிராமோடு வீட்டுக்கு வந்தோம். நட்சத்திரத்தை அப்பா அவிழ்க்காமல் வைத்திருந்தார். வெள்ளிப் பாலாடையைப் புளி போட்டுத் தேய்த்து வெந்நீரில் கொதிக்கவைத்துத் தயாராக வைத்திருந்ததும் அவர்தான்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டுக்கு அப்புறம் அன்றிரவு கீத பவனி மயூர் விகாருக்கும் ஜனக்புரிக்கும் போகவேண்டியிருந்தது. எங்கள் காரணமாக அங்கே போக முடியாமலே ஆயிற்று. அங்கே பதினோரு வீடுகளில் குழந்தைகளைத் தூங்கவிடாமல், பலகாரத் தட்டோடு காத்திருந்திருக்கிறீர்கள். அப்படிக் காத்திருப்பது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். செய்தி தெரிந்ததும் ஒருவர்கூட வருத்தப்படாமல், அங்கங்கே எழுந்து நின்று எங்களுக்காக ஜெபித்தீர்கள் என்று போதகர் ஐயா சொன்னார். வரும் டிசம்பரில் பவனி முதலில் உங்கள் பதினோரு வீடுகளுக்கு வரட்டும் என்று ஐயாவிடம் கேட்டு, அவரும் சரி என்றுவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வாருங்கள். எத்தனை மணியானாலும் அடுப்பு அணையாது. ஊரிலிருந்து கருப்பட்டிக்கு இப்போதே சொல்லிவைத்தாயிற்று.

அன்புடன்,
மெஞ்ஞானபுரத்தம்மா மகனும் மருமகளும், பேத்தியும், காபி போடும் தாத்தாவும்
முனீர்க்கா, புதுதில்லி