ஒத்து ஊதியவர் மகன் எழுதுவது

நம் ஊர் அம்மன் கோயில் விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கிழக்குத் தெரு, மேற்குத் தெரு இளவட்டங்களுக்கும் வணக்கம்.

நான் மதுரை ஆரப்பாளையத்துக்குக் குடிபோய் முப்பது வருசம் ஆகிறது. தலைக்கட்டு வரியை மட்டும் ஒரு வருசம்கூட நிறுத்தியதில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கமிட்டியில் பாதிப் பேர் எனக்கு மாமன் மச்சான் முறை, மீதிப் பேர் என் பிள்ளைகள் வயது. தப்பாகப் பட்டால் நேரில் வந்து நாலு வார்த்தை திட்டிவிடுங்கள்.

முளைப்பாரி அன்று நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். பொட்டலுக்குக் கிழக்கே ஒரு மைக்செட், மேற்கே ஒரு மைக்செட், இரண்டும் நேருக்கு நேர். நடுவில் பாரியை இறக்கி வைத்துப் பெண்கள் கும்மி கொட்ட ஆரம்பித்தார்கள். பாட்டு எடுத்துக் கொடுத்த அத்தையின் குரல் வட்டத்தில் பாதிக்குக்கூட எட்டவில்லை. கிழக்கே நின்றவர்கள் கை கிழக்கு பாக்ஸில் ஓடிய பாட்டுக்கு விழுந்தது, மேற்கே நின்றவர்கள் கை மேற்குக்கு. மூன்று சுற்றுக்குள் ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டி, சிரித்துக்கொண்டே கலைந்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. "நான் பாடுறது எனக்கே கேக்கலடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் கணக்கு முடிக்கும் கூட்டத்தில் ஒரு யோசனை வந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வருசம் இரண்டு செட்டும் வேண்டாம், ஊர் ஒற்றுமைக்காக மதுரையிலிருந்து ஒரே பெரிய செட்டாக இறக்கலாம், செலவைச் சரிக்கட்ட மேளத்தை நிறுத்திவிடலாம் என்று. நல்ல மனசோடு சொன்னதுதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே சத்தத்துக்குள் அமுங்கிக் கிடப்பது என்று ஆகிவிடுகிறதே. அதை மறுத்துச் சொல்லத்தான் இந்த மடல்.

என் அப்பாவைப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மேள செட்டில் ஒத்து ஊதியவர். இளவட்டங்களில் பலர் ஒத்தைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். பார்க்க நாயனம் மாதிரியேதான் இருக்கும், விரல் வைக்கும் துளை மட்டும் கிடையாது. ஒரே ஒரு சுரம். அதை ராத்திரி முழுக்க அறுபடாமல் ஊத வேண்டும். கன்னத்தில் காற்றை நிறுத்தி அதை வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சு இழுக்கிற வித்தை அது. பங்கு பிரிக்கும்போது கடைசிப் பங்கு அவருக்கு. பள்ளிக்கூடத்தில் என்னை 'ஒத்து' என்றே கூப்பிடுவார்கள். அதில் இருந்த கேலி உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுறான்' என்கிறோம். 'ஜால்ரா போடுறான்' என்கிறோம். யோசித்துப் பாருங்கள், சுருதியைப் பிடித்து நிற்பவர் ஒருவர், தாளத்தைப் பிடித்து நிற்பவர் இன்னொருவர். கச்சேரியையே தாங்குகிற இரண்டு பேரின் வேலையும் நம் வாயில் வசவாகிப் போச்சு.

அப்பா தலையாட்டி இல்லை. ஊத ஊத உள்ளே காற்று சூடேறி நாயனத்தில் சுருதி கொஞ்சம் மேலே போகும். அப்போது அப்பாவும் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாக்கை, உதட்டால் அழுத்திக் கூடவே போவார். அதுவே நாயனக்காரர் ராகத்தில் தடுமாறினால் இம்மியும் அசைய மாட்டார். அவர் அசையாமல் நிற்பதைக் கேட்டுத்தான் நாயனம் திரும்ப வந்து சேரும். எங்கே கூடப் போவது, எங்கே நிற்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தார் என்று அம்மா சொல்லும், கொஞ்சம் அலுப்போடு.

ஆரம்பிக்கும் முன் சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இரண்டு குழலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, துளி விலகியிருந்தால் 'உவ்... உவ்...' என்று ஒரு அலைச்சல் கேட்கும். ஒன்று நொடிக்கு 240 முறை அதிர்ந்து மற்றது 243 முறை அதிர்ந்தால் நொடிக்கு மூன்று அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சேர்ந்ததும் நின்றுவிடும். அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "அலையுது, இன்னும் அலையுது... ம், நின்னுருச்சு" என்பார். அந்த அலைச்சல் காதில் விழ வேண்டும் என்றால் இரண்டு பேரும் அடக்கித்தான் ஊத வேண்டும். கத்திக்கொண்டே யாரும் சுருதி சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மேற்கத்திய இசையில் ஹார்மனி என்பது வேறு. அங்கே வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்காக ஒலிக்கும். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு நாலு குரலில் பாடுவதைக் கேட்டால் புரியும், ஒருத்தர் பாடுவதை அடுத்தவர் பாடுவதில்லை, ஆனாலும் பாட்டு ஒன்று. நம் மேளத்தில் அந்த அடுக்கு கிடையாது. ஆனால் சுரங்களுக்குள் உறவு பார்ப்பது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி யாழுக்குச் சுருதி கூட்டும் இடத்தில் இணை, கிளை, பகை, நட்பு என்று நாலு உறவு வருகிறது. ஐந்தாம் நரம்பு (சுரம்) கிளை, அதாவது சொந்தக்காரன். நான்காம் நரம்பு நட்பு. ஒரு நரம்பு இரண்டு தடவை அதிரும் நேரத்தில் அதன் கிளை மூன்று தடவை அதிரும். தம்புராவில் இன்றும் ச-வோடு ப ஒலிப்பது இந்த உறவுதான். எனக்குப் பிடித்தது பகை. பகை என்று பெயர் வைத்தார்களே தவிர, அந்த நரம்பை யாழிலிருந்து அறுத்துப் போடவில்லை. அது இல்லாமல் ஏழு சுரம் ஏது?

நம் பக்கத்துக் கதையே இருக்கிறது. சோழவந்தானுக்கு அருகே இருக்கும் தேனூரில்தான் ஒரு காலத்தில் அழகர் சித்திரையில் ஆற்றில் இறங்கினார். மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது. இரண்டையும் சித்திரைக்கு, மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் திருமலை நாயக்கர், 1623 முதல் 1659 வரை ஆண்டவர். சேர்த்தார், ஆனால் ஒன்றாகக் கரைக்கவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிற அழகர், முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று கேட்டதும் கோபத்தில் ஆற்றோடு திரும்பி வண்டியூர் போய்விடுகிறார் என்றுதானே நம் பாட்டிகள் சொன்னார்கள்? அந்தக் கோபத்தை முந்நூற்றைம்பது வருசத்துக்கு மேலாக யாரும் சமாதானம் பண்ணி வைக்கவில்லை. இடம் இழந்த தேனூருக்கும் வண்டியூரில் ஒரு மண்டபம், இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் கொஞ்சம் முறைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். முறைத்துக்கொள்ளட்டும், ஒருத்தர் பாட்டு மற்றவர் காதில் விழுகிற மாதிரி முறைத்துக்கொள்ளட்டும்.

சட்டம் பேசி மிரட்ட வரவில்லை. இருந்தாலும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வைத்திருக்கின்றன. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, திருவிழாவுக்கு அரசு தனியாக நேரம் நீட்டித்தால் ஒழிய. இதைவிட நம் பொருளாளர் மாமாவுக்கு உறைக்கிற விசயம் ஒன்று உண்டு. எதிர் செட்டைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குப் பட வேண்டும் என்றால் பாக்ஸுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு மின்சக்தி கொடுக்க வேண்டும். நம் தலைக்கட்டு வரி ஜெனரேட்டர் டீசலாகப் போவது இப்படித்தான்.

வயலுக்குத் தண்ணீர் விடுவதில் இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் யார் முறையோ அவர் மடையைத் திறக்கிறார், அடுத்தவர் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். சண்டை வந்திருக்கிறது, மண்டைகூட உடைந்திருக்கிறது. ஆனாலும் முறை என்பது ஒழிந்துவிடவில்லை. மைக்செட்டுக்கும் அதே முறையை வைத்தால் என்ன? ஒரு நாள் கிழக்கு, மறுநாள் மேற்கு. கும்மியும் குலவையும் நடக்கும்போது இரண்டுமே ஊமை. தம்பிகளா, ஒரு மணி நேரம்தான், செத்துப்போக மாட்டீர்கள்.

மேளத்தை நிறுத்த வேண்டாம். பணம்தான் குறை என்றால் ஒரு நாயனம், ஒரு தவில் போதும், என் பங்குக்கு ஐயாயிரம் கூடுதலாகத் தருகிறேன். ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு மூச்சு வாங்காது.

அப்பாவின் ஒத்து என்னிடம்தான் இருக்கிறது. சீவாளி வெடித்துக் கிடந்தது, திருவாவடுதுறைக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன். இரண்டு மாதமாகச் சாயங்காலம் மாடியில் ஊதிப் பார்க்கிறேன். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "பிரசர் குக்கர் ஏதும் அடைச்சிருக்கா சார்?" என்று கேட்டார். இப்போதைக்கு நாலு நிமிசம் அறுபடாமல் வருகிறது. அடுத்த வருசம் காப்புக் கட்டுவதற்குள் பத்து நிமிசம் ஆக்கிவிடுவேன். அன்றைக்கு மைக்செட் போடுவதற்கு முன்னால் அந்தப் பத்து நிமிசத்தை எனக்குக் கொடுங்கள். அத்தையையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன், ஒத்துக்காரர் மகன்