பச்சைக் கோப்பில் இருப்பவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை. தம்பியிடம் தேயிலைத் தூள் இரண்டு கிலோ கொடுத்தனுப்பினேன். சம்பந்தியம்மா சாயம் குறைவாகத்தான் குடிப்பார்கள் என்று நீ சொன்னாய், அதனால் டஸ்ட் வாங்கவில்லை, ஓ.பி. என்ற பெரிய இலைத் தூள் வாங்கினேன். குட்டிக்கு இருமல் விட்டதா?

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ கூப்பிடவில்லை. வேலையாக இருப்பாய்.

மாப்பிள்ளையின் விண்ணப்பத்துக்கு நீ கேட்ட கடதாசிகளை எல்லாம் பச்சைக் கோப்பில் வரிசையாக வைத்திருக்கிறேன். முதலில் இருப்பது தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். அது இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த 1967-இல் வந்த சட்டத்தின் கீழ் கிடைத்தது. அப்போது நான் சிறுவன், என் பெயரும் அதிலேயே இருக்கிறது. இரண்டாவது அம்மாவுடையது. அவளுடைய வீட்டார் இந்தியாவுக்கும் எழுதவில்லை, இங்கேயும் முடிவு வரவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, இந்தியாவுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கொடுத்த சத்தியக் கடதாசிதான் அவளுக்கு ஆதாரம். மூன்றாவது மாமாவுடையது. உனக்குத் தேவைப்படாது, ஆனாலும் கோப்பில் கிடக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 1984-இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்கு ஓடிய கப்பல் நின்றதால் போக முடியாமல் இருந்தவர். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தில் அவரைப் போன்றவர்கள் தனியாக ஒரு பிரகடனம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அதுகூட வேண்டாம். 1964 ஒக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் நிரந்தரமாக இருந்தவரும் அவருடைய வழிவந்தவரும் சட்டப்படியே பிரஜைகள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். யாராவது உன்னிடம் “பதிவுப் பிரஜையா, பிறப்புப் பிரஜையா” என்று இழுத்தால் இந்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லு.

ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. தோட்டத்து லிகிதர் காதால் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார், அதைப் பார்த்து இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார், அதிலிருந்து மறுபடி தமிழுக்கு வந்தது. நம் ஆட்களின் காசு நிலுவையில் நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒற்றை எழுத்துத்தான். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, இரண்டு பிரதியோடு வைத்திருக்கிறேன். மூலப் பிரதியை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே, காட்டிவிட்டு வாங்கிக்கொள். குட்டியின் பெயரையும் மூன்று மொழியிலும் எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து வை. இப்போதே பார், அவள் வளர்ந்த பிறகு பார்க்காதே.

குடிசன மதிப்பீட்டு முடிவு வந்துவிட்டது. நீயும் பத்திரிகையில் பார்த்திருப்பாய். நம் ஆட்கள், இந்தியத் தமிழர் என்று எண்ணப்படும் மலையகத் தமிழர், நூற்றுக்கு 2.8. போன தடவை, 2012-இல், 4.1 ஆக இருந்தது.

1911-இல்தான் வெள்ளைக்காரன் முதன்முதலாக இரண்டு தமிழரையும் தனித்தனியாக எண்ணினான். அப்போது இந்தியத் தமிழர் 5,30,983 பேர், இலங்கைத் தமிழர் 5,28,024 பேர். நாம் ஒரு கைப்பிடி கூடுதலாகவே இருந்தோம். 1971-இல் 11 லட்சத்து 74 ஆயிரம். பத்தே வருடத்தில், 1981-இல், 8 லட்சத்து 18 ஆயிரம். அந்தக் குறைவுக்குப் பெரிய காரணம் தலைமன்னார்க் கப்பல். 1964-இல் இந்தியப் பிரதமரும் இலங்கைப் பிரதமரும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்பதென்று. பத்து வருடம் கழித்து அதையும் பாதி பாதியாக்கினார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் 2012-க்குப் பிறகு கப்பல் எதுவும் ஓடவில்லையே. வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள், பிள்ளை குறைந்திருக்கிறது, எல்லாம் சரி. அதை மட்டும் வைத்து நாலு 2.8 ஆகாது. இலங்கைத் தமிழர் 11.1-இலிருந்து 12.3 ஆகியிருக்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 77, 83 கலவரங்களில் அடிபட்டுப் போய்க் குடியேறியவர்கள் அப்படிப் பதிவதை நான் குறை சொல்ல மாட்டேன். கொழும்பில் இருப்பவர்களும் பதிகிறார்கள்.

மதிப்பீட்டுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு யார் பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் ஒருவர் எல்லோருக்காகவும் சொல்லலாம், அதுதான் முறை. சம்பந்தியம்மா நல்ல மனுஷி. போன தைப்பொங்கலுக்கு அவர்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தமிழர் எல்லாரும் தமிழர்தானே மாஸ்டர், பிரிச்சது வெள்ளைக்காரன்.” பிரித்தது அவன்தான். அவர்கள் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்காரரான அவர்கள் வைத்திருக்கும் வரைபடத்தில் வடக்கும் கிழக்கும்தான் இருக்கிறது. 1976-இல் தனிநாடு என்று வட்டுக்கோட்டையில் தீர்மானம் எடுத்தபோது நம் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஏன் அதில் சேரவில்லை? நாம் இருப்பது நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் இரத்தினபுரியிலும், சுற்றிலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில். எல்லை போட நமக்கு இடமில்லை. அவர்களுடைய எதிர்காலம் ஒரு நிலப்பரப்பின் அதிகாரம். நம்முடையது அதற்கும் முந்திய படியில் நிற்கிறது, நிற்பதற்கு ஒரு துண்டு நிலம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவரானாலும் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவனிடம் ஏது அத்தனை கடதாசி? 1947 தேர்தலில் நம் ஆட்கள் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். வாக்கைப் பறித்த பிறகு 1952-இல் ஒருவர்கூட இல்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் மந்திரியாகச் சேர்ந்தார். அதை எதிர்த்துத்தான் செல்வநாயகம் பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆக, யாழ்ப்பாணம் என்றால் ஒரே மனசு என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அரசாங்கம் சொல்லும் எதிர்காலம் வேறு. எல்லோரும் இலங்கையர், இனம் பேசாதே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 2023-இல் ஹட்டனில் வைத்து, இப்போது ஆட்சியில் இருப்பவர்களே மலையகத் தமிழர் என்ற அடையாளத்தை ஏற்பதாகப் பிரகடனம் செய்தார்கள். இந்த மதிப்பீட்டு அட்டவணையில் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு ‘மலையகத் தமிழர்’ என்றும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இருநூறு வருடத்தில் நாமே நமக்கு வைத்துக்கொண்ட பெயர் அரசாங்கத் தாளில் ஏறிய நேரம் பார்த்து, அந்த வரியில் ஆள் குறைகிறது.

பெயரால் என்ன கிடைக்கும் என்று நீ கேட்பாய். மொழி உரிமைக்கு இந்தப் பிரிவு தேவையில்லை, எந்தத் தமிழரானாலும் தமிழ்தான். ஆனால் புதிய தேர்தல் முறை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், சிதறி வாழும் இந்தச் சனம் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. காணி கேட்டாலும் அதே கேள்வி. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான், தோட்டத்துக்குள் சபைக் காசில் ஒரு பாதை போட முடியாது என்றார்கள். வாக்கு மட்டும் போடலாம். 2018-இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடம், பாப்பா. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகும் படிக்கட்டுக்கு ஒரு மூட்டை சீமெந்து கேட்டவர்களுக்கு அந்தப் பிரிவைத்தான் வாசித்துக் காட்டினார்கள்.

தம்பி வீட்டு விஷயத்தையும் எழுதுகிறேன், நீ கேட்கவில்லையானாலும். மருமகள் தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் பேர் உள்ளவள் என்பதால் வீட்டுத் திட்டப் பட்டியலில் வந்திருக்கிறார்கள். ஏழு பேர்ச்சஸ். ஒரு பேர்ச் 272 சதுர அடி சொச்சம், ஏழுக்கு 1,900 சதுர அடி. இந்திய வீட்டுத் திட்டத்து வீடு 550 சதுர அடி. மலசலகூடக் குழியும் பாதையும் மண் சரியாமல் கட்டும் கல் அணையும் போக, நாலு பாத்தி கீரைக்கு இடம் மிஞ்சும். ஆனாலும் சொந்த மண். நிலம் அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. ஆகையால் கம்பனி முதலில் விடுவிக்க வேண்டும். அதன் பிறகு மண்சரிவு ஆபத்து இல்லை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. பிறகு நில அளவையாளரின் வரைபடம், துண்டு இலக்கம். கடைசியில் உறுதி. எங்கே தவறுகிறது என்றால் இந்தக் கடைசியில்தான். மேடை போட்டுக் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள், படம் பிடிப்பார்கள். காணிப் பதிவகத்தில் அது ஏறாவிட்டால் வங்கியும் மதிக்காது, பிள்ளைக்கும் எழுத முடியாது. வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும் உறுதியில் இருக்கிறதா, புருஷன் பெண்சாதி இருவர் பெயரும் இருக்கிறதா, பதிவகத்து இலக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி பொறுமையில்லாதவன். நீ ஒரு தடவை சொன்னால் கேட்பான். ஏறாத தாளை வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட வேண்டாம் என்று சொல்லு.

நீ படித்து அந்த நிலைக்கு வந்தது எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அம்மா, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் உன் பெயரைச் சொல்லாத நாளில்லை. கொழுந்துக் கூடை தூக்கியவள் மகள் கொழும்பில் கணக்காளர் என்று இன்றைக்கும் சொல்கிறாள். நீ அவளைப் பற்றி அங்கே என்ன சொல்கிறாய் என்று மட்டும் அவள் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் ஊர் என்று ‘கண்டி’ அச்சானபோதும் கேட்கவில்லை. கண்டிக்கு இங்கிருந்து மூன்று மணி நேரம்.

இதுவரை எழுதிவிட்டு வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அந்தப் பச்சைக் கோப்பின் அடியில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். 1998-இல் உன்னை ஆறாம் வகுப்புக்குச் சேர்க்க நிரப்பிய படிவத்தின் பிரதி. என் கையெழுத்து. இனம் என்ற இடத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்று நான்தான் எழுதியிருக்கிறேன். முகவரியில் தோட்டம் இல்லை, லயம் இல்லை. டவுனில் தெரிந்தவர் கடையின் இலக்கம்தான் இருக்கிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள் என்று பயந்தேன். நேர்முகத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸில், “எந்த ஊர் என்று கேட்டால் கண்டிப் பக்கம் என்று சொல்லு” என்று உனக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்ததும் நான்தான். உனக்குப் பத்து வயது. நீ அப்படியே சொன்னாய். வெளியே வந்து உனக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தேன்.

எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். இந்தியாவுக்கென்று எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும், ஒரு எழுத்துப் பிழை வரக்கூடாது என்று இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்து எழுதினேன். என் சொந்தப் பிள்ளையின் படிவத்தில் பொய் எழுதினேன். அதை இத்தனை வருடம் உன் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், பாப்பா. நீ யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்புவித்துக்கொண்டிருக்கிறாய்.

சம்பந்தியம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த மாதம் கோப்பைக் கொண்டுவரும்போது நானே சொல்கிறேன். அம்மாவையும் கூட்டிவருகிறேன். காலை ரயிலில் வருவோம், பின்னேரம் வந்து சேர்வோம். மாப்பிள்ளை கோட்டை நிலையத்துக்கு வர வேண்டாம், பஸ் தெரியும்.

பிரதிகளில் மாப்பிள்ளைக்கு எத்தனை தேவை, உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று கேட்டு எழுது. கடை முகவரிக்குப் போடாதே. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம், காம்பரா இலக்கம் எல்லாம் போட்டு எழுது. இப்போது தபால் இங்கேயே வருகிறது.

அன்புடன்
அப்பா